குறுந்தொலைவு நீச்சலில் உயரமும் வயதும்: இரு மாறிகளின் பிணைப்பும் பிரிவும்

ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் பந்தயங்களில் நீச்சலர் எடுக்கும் நேரத்தை அவரது உயரத்தோடும் வயதோடும் பொருத்திப் பார்க்கும்போது, இவ்விரண்டையும் தனித்தனி மாறிகளாக, அதாவது ஒன்றை நிலையாக வைத்து மற்றொன்றை மட்டும் மாற்றிப் பார்க்கத்தக்க அளவுகளாகக் கொள்வது எளிது. ஆனால் உடல் வளர்கிற பருவத்தில் உயரமும் வயதும் ஒரே நிகழ்வுக்கு வழங்கும் இரு பெயர்கள். வளர்ச்சி நின்றபின் அவை பிரிந்து, உயரம் மாறாது நிற்க வயது மட்டும் ஏறுகிறது. ஆகவே பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் ஒலிம்பிக் இறுதிச்சுற்று வீரருக்கும் ஒரே சமன்பாட்டைப் பொருத்துவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உயரம் நேரத்தைக் குறைப்பதன் காரணத்தை நீரிலேயே தேட வேண்டும். மேற்பரப்பில் நகரும் உடலைத் தோலோடு நீர் உராயும் உராய்வுத்தடையும், உடலின் முன்புறப் பரப்பும் வடிவும் உண்டாக்கும் உருவத்தடையும், உடல் தள்ளும் நீர் அலையாக எழுவதில் ஆற்றல் செலவாகும் அலைத்தடையும் எதிர்க்கின்றன. உடல் அதே வடிவில் பெரிதாகிறது என்று கொண்டால், முன்புறப் பரப்பு கூடும் அதே விகிதத்தில் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பும் கூடுவதால், முதலிரு தடைகளைப் பொறுத்தவரை உயரமானவருக்குப் பெரிய ஆதாயம் கிட்டுவதில்லை. ஆதாயம் அலைத்தடையில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் மாதிரிகளைத் தொட்டிகளில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரால் வழங்கும் ஃப்ரூட் எண், வேகத்தை, நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும் பெருக்கிவரும் தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறப்படுவது. அது ஏறத்தாழ 0.4 ஐக் கடந்தபின் அலைத்தடை செங்குத்தாக ஏறுகிறது. இந்த எல்லை 170 செ.மீ. நீளமுள்ள உடலுக்கு நொடிக்கு 1.63 மீட்டரிலும், 195 செ.மீ. உடலுக்கு 1.75 மீட்டரிலும் வருகிறது. முன்னணி வீரர்கள் மேற்பரப்பில் நொடிக்கு இரண்டு மீட்டர் அளவில் செல்வதால், இரு உடல்களுமே தாம் எழுப்பிய அலையின் மீதே ஏறிக்கொண்டிருக்கின்றன. நெட்டையானவருக்கு அந்த ஏற்றம் சற்றுத் தாழ்வு, அவ்வளவே. குதித்தபின் நீருக்கடியில் 15 மீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என்று விதி வகுக்க நேர்ந்ததும், ஆழத்தில் இந்த அலைத்தடை பெரிதும் குறைந்துவிடுகிறது என்ற காரணத்தோடு தொடர்புடையதே.

இக்கணக்கின்படி வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு ஏறுமாயின், உயரத்தில் ஒரு விழுக்காடு கூடினால் வேகத்தில் அரை விழுக்காடு கூட வேண்டும். இதை உண்மையான ஒரு பந்தயத்தின் மேல் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 2016 ரியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் 50 மீட்டர் இறுதியில் அமெரிக்காவின் ஆன்டனி எர்வின் 21.40 நொடியிலும், பிரான்சின் ஃப்ளோரான் மனோடூ 21.41 நொடியிலும் சுவரைத் தொட்டனர். எர்வினின் உயரம் ஏறத்தாழ 191 செ.மீ., மனோடூவின் உயரம் 199 செ.மீ.; வர்க்கமூலக் கணக்கு மனோடூவுக்கு ஏறத்தாழ 0.4 நொடி முன்னிலை தரும். நீட்டிய கையின் கூடுதல் எட்டும் அவர் பக்கமே இருந்தது. அவர் 0.01 நொடியில், அந்த வேகத்தில் இரண்டு செ.மீ. அளவேயான இடைவெளியில், தோற்றார். மேலும் அப்போது அவருக்கு வயது 25, எர்வினுக்கு 35. உயரமும் இளமையும் ஒருங்கே வாய்த்தவரை இரண்டிலும் பின்தங்கியவர் வென்ற இப்பந்தயம் விதிவிலக்கு அன்று. அதே போட்டிகளில் பெண்கள் 50 மீட்டரில் 170 செ.மீ. அளவே உயரமுள்ள டென்மார்க்கின் பெர்னில் புளூம் 24.07 நொடியில் தங்கம் வென்றார், 186 செ.மீ. உயரமுள்ள ஆஸ்திரேலியாவின் கேட் கேம்ப்பெல் அப்பந்தயத்தில் பதக்கம் பெறவில்லை. 100 மீட்டரில் 16 வயதும் 186 செ.மீ. உயரமும் கொண்ட கனடாவின் பென்னி ஓலெக்சியாக்கும், 20 வயதும் 178 செ.மீ. உயரமும் கொண்ட அமெரிக்காவின் சிமோன் மேனுவலும் 52.70 நொடியில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

இவற்றைக் கொண்டு உயரத்துக்குப் பங்கில்லை என்று முடிவுகட்டுவதும் தவறாகும். 1992, 1996 ஒலிம்பிக்குகளில் இரு தொலைவுகளையும் வென்ற அலெக்சாண்டர் போப்போவ், 2009 இல் 50 மீட்டரை 20.91 நொடியில் கடந்த சேசார் சியேலோ, மனோடூ ஆகியோர் எல்லாரும் 195 செ.மீ. அளவை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். இறுதிச்சுற்றை அடைவதற்கு முன்பே உயரம் தன் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. எஞ்சியவர்களிடையே உயர வேறுபாடு குறுகிவிடுவதால், இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு அங்குச் சுழியை நோக்கிச் சரிகிறது. தவிரவும், குட்டையாயிருந்தும் அவ்வளவு தூரம் வந்தவர் குதிப்பிலோ, நிமிடத்துக்கான கைவீச்சு எண்ணிக்கையிலோ, நீரைப் பற்றும் திறனிலோ மற்றவர்களை விஞ்சியவராகவே இருப்பார். அந்த மிகைத்திறன் உயரத்தின் தடத்தை மறைத்துவிடுகிறது.

சிறுவர் போட்டிகளில் நிலைமை தலைகீழ். 140 செ.மீ. உயரத்தில் 50 மீட்டரை 33 நொடியில் நீந்தும் பிள்ளை, தன் நுட்பத்தில் எந்த மாற்றமுமின்றி 170 செ.மீ. எட்டினால், மேற்சொன்ன கணக்கின்படியே நேரம் 30 நொடிக்கு இறங்க வேண்டும். பயிற்றுநரின் நிறுத்துகடிகாரத்தில் தெரியும் இந்த மூன்று நொடியைப் பயிற்சியின் பலன் என்று பதிவேட்டில் எழுதிவைப்பது மிக எளிது. வளர்ச்சி வேகம் உச்சம் தொடும் வயது பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12, ஆண் பிள்ளைகளுக்கு 14; அதிலும் ஒருவருக்கொருவர் இரண்டு ஆண்டுவரை முன்பின் ஆவது இயல்பு. ஆகவே ஒரே வயதுப் பிரிவில் அருகருகே தடம் பிடித்து நிற்கும் இரு சிறுவரில் ஒருவன் உடலளவில் பெரியவனாகவும் மற்றவன் குழந்தையாகவும் இருக்கக்கூடும். தாமதமாக வளரும் பிள்ளையை அந்த ஒரு நாளின் நேரத்தைக் கொண்டு தேர்வுப்பட்டியலிலிருந்து நீக்குவது அளவியல் பிழை மட்டுமன்று, அப்பிள்ளைக்கு இழைக்கும் அநீதியும் ஆகும். பிறந்த தேதியோடு, நின்ற உயரம், அமர்ந்த உயரம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவந்தாலே வளர்ச்சி தந்த பங்கைப் பெருமளவு பிரித்தெடுத்துவிடலாம். அதற்குத் தேவையானது ஓர் அளவுநாடாவும் பொறுமையும்தான்.

வளர்ச்சி முடிந்தபின் வயது வேறு பொருள் கொள்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 46.40 நொடியில் கடந்து உலகச் சாதனை படைத்த சீனாவின் பான் ஜான்லேவுக்கு 19 வயது. அங்கேயே 50 மீட்டரை 21.25 நொடியில் வென்ற ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கவாய்க்கு 30. மெக்கவாய் நீந்தும் தொலைவை வெகுவாகக் குறைத்து, வலுப்பயிற்சியைக் கூட்டியபின்பே இந்த உச்சத்தை அடைந்தார். ஐம்பது மீட்டருக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பங்கு தசையில் சேமித்துள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்தும், ஆக்சிஜன் இன்றிச் சர்க்கரை சிதைவதிலிருந்தும் வருவதால், நெடுந்தொலைவு நீச்சலரை முதலில் கைவிடும் இதயத் திறனின் தேய்வு இவர்களை அவ்வளவு விரைவில் தாக்குவதில்லை. அதனால்தான் 41 வயதில் அமெரிக்காவின் டாரா டோரஸால் 2008 பெய்ஜிங்கில் 24.07 நொடியில், தங்கத்துக்கு 0.01 நொடி பின்னால், வெள்ளி பெற முடிந்தது. வயதைச் சேர்ந்துவந்த பயிற்சியின் அளவாகக் கருதுவோரும் இங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: எர்வின், டோரஸ் இருவருமே இடையில் பல ஆண்டுகள் போட்டி நீச்சலை விட்டு விலகியிருந்தவர்கள்.

முதுமையில் உயரமும் வயதும் மீண்டும் ஒருமுறை பிணைகின்றன. முதுகெலும்பின் வட்டத்தட்டுகள் தேய்வதால் எழுபதைக் கடந்தவர் சில செ.மீ. குறுகிவிடுகிறார், ஆனால் 170 இல் மூன்று செ.மீ. குறைந்தாலும் வர்க்கமூலக் கணக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இழப்பையே தருகிறது. மூத்தோர் நேரப்பட்டியல்கள் காட்டும் சரிவு இதைவிடப் பன்மடங்கு பெரிது. அமெரிக்க மாஸ்டர்ஸ் போட்டிகளின் நேரங்களை ஆராய்ந்து 1997 இல் ஹிரோஃபுமி தனகாவும் டக்ளஸ் சீல்ஸும் வெளியிட்ட கட்டுரை, 50 மீட்டரில் இச்சரிவு 1500 மீட்டரைவிட மிதமானது என்று காட்டியது. எஞ்சும் சரிவை உயரத்தின் கணக்கில் எழுத இயலாது. விரைவாகச் சுருங்கும் தசை இழைகள் மெலிவதும் எண்ணிக்கையில் குறைவதும், தோள்மூட்டின் வளையும் தன்மை குன்றுவதும்தான் அங்குத் தேட வேண்டிய காரணங்கள்.