தமிழ்நாட்டின் 1,297 நாத்திகர்கள்: மதநம்பிக்கை பிறவித் தேவையா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாத்திகர் என்று பதிவானவர்கள் 1,297 பேர். நாடு முழுவதற்குமே தொகை 33 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். மதநம்பிக்கை மனிதனுக்குப் பிறவியிலேயே அமைந்த தேவை என்று வாதிடும் ஆய்வுமரபுக்கு இந்த எண் வலிய வந்து வாய்த்த சான்று. சுயமரியாதை இயக்கம் 1925-ல் தொடங்கியது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டது, ஏடு நடத்தியது, சிலை வைத்தது. 1967 முதல் பல பத்தாண்டுகள் அந்த வழியில் வந்த கட்சிகளே ஆண்டன. இத்தனைக்குப் பிறகும் ஒரு சிற்றூராட்சியை நிரப்பக்கூடக் காணாத ஆட்கள்தான் தேறினார்கள் என்றால், எந்தப் பிரசாரத்தாலும் பிடுங்க முடியாத வேர் ஒன்று மனித இயல்பில் இருக்கத்தானே வேண்டும்? வாதம் இப்படிப் போகிறது. கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண் எதை எண்ணியது என்று யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

கணக்கெடுப்பாளர் யாரிடமும் "கடவுளை நம்புகிறீர்களா?" என்று கேட்பதில்லை. 2011-ன் குடும்ப அட்டவணையில் மதத்துக்கான கட்டத்தில் இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6 என ஆறு குறியீடுகள் உண்டு. ஆறுக்குள் அடங்காதவரென்றால் மதத்தின் பெயரை முழுதாக எழுத வேண்டும், எண் போடக் கூடாது. மதமில்லாதவருக்கென்று தனி எண் கிடையாது. பதில் சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர், அல்லது அந்நேரம் வீட்டில் இருக்கும் பெரியவர். அவர் வாயிலிருந்து வருவதே வீட்டிலுள்ள அனைவருக்குமான பதில். குடும்பத்தார் பெயர்களைக் கேட்டதுமே மதக் கட்டத்தை ஊகித்து நிரப்பிவிடக்கூடிய கணக்கெடுக்க வரும் பள்ளி ஆசிரியரிடம் "எங்களுக்கு மதம் இல்லை, அப்படியே எழுதுங்கள்" என்று சொல்ல, கடவுள் மறுப்பு மட்டும் போதாது. வாசலில் நின்று வாதாடும் பொறுமையும் வேண்டும். 1,297 பேரின் வீடுகளில் அது இருந்திருக்கிறது.

அடுத்த கட்டம் இன்னும் முக்கியமானது. பட்டியல் சாதியினரா என்ற கேள்வி மதக் கட்டத்தோடு பிணைந்தது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராக முடிந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். மதக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டால் அடுத்த கட்டத்தில் பட்டியல் சாதி என்று எழுதக் கணக்கெடுப்பின் விதியே இடம் தராது. கணக்கெடுப்பில் சொன்னது சாதிச் சான்றிதழைப் பாதிக்காது என்பது சட்டம் தெரிந்தவருக்குத் தெரியும். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புப் பக்கத்தில் விவசாயக் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அந்த உறுதியை யார் தருவது? சாதிக் கொடுமைக்கு எதிராகக் கடவுளையே மறுக்கத் துணிந்தவர்களிலும் ஒரு பகுதியினர் 1-ஆம் குறியீட்டில் முடங்கியிருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

பட்டியல் சாதியினரல்லாத சுயமரியாதைக் குடும்பங்கள் எங்கே போயின? இங்கே விருதுநகர் மாவட்டத்துக்கே சிறப்பான ஒரு சான்று உண்டு. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு குறிப்பது 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. இவ்வகைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணா அரசு சட்ட ஏற்பு தந்தது. எப்படி? இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் செருகி. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். ஆனால் அந்தப் பிரிவு செல்லுபடியாவது இரண்டு இந்துக்களுக்கிடையே மட்டும். அந்தச் சட்டம் இந்து என்று யாரைச் சொல்கிறது என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடும்: முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவரும், விலக்கு நிறுவப்படாத வரை, அதற்குள் அடக்கம். புரோகிதரை விரட்டி மணம் முடித்த தம்பதி சட்டத்தின் கண்ணில் இந்துத் தம்பதியே. அவர்கள் பேரப்பிள்ளைகள் கணக்கெடுப்பில் 1 என்று பதிவாவதை மனித இயல்பின் வெற்றியாக வாசிப்பது, கொஞ்சம் அவசரப்பட்ட வாசிப்பு.

ஐயம் இருப்பவர்கள் மேகாலயாவைப் பார்க்கட்டும். அதே கணக்கெடுப்பில், 30 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்த மாநிலத்தில் நாத்திகராகப் பதிவானவர்கள் 9,089 பேர். லட்சத்துக்கு 300-க்கு மேல். 7.21 கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டில் லட்சத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஷில்லாங்கில் எந்தப் பகுத்தறிவு இயக்கம் ஈரோட்டை இப்படி 150 மடங்குக்கு மேல் முந்தியது? அங்கே காசி, ஜெயந்தியா மக்களின் நியாம்த்ரேயும் காரோ மக்களின் சோங்சாரேக்கும் ஆறு குறியீடுகளுக்கு வெளியே நிற்கும் சமயங்கள். குறியீட்டுக்கு வெளியே எழுதுவது அங்கே கணக்கெடுப்பாளருக்கும் பழக்கம், பதில் சொல்பவருக்கும் பழக்கம். இந்த விளக்கம் ஊகமே. திருத்தம் வந்தால் ஏற்க வேண்டியதுதான். ஆனால் மேகாலயா எண்ணை ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டு எண்ணை மட்டும் மனித இயல்புக்குச் சான்றாக நிறுத்துவது எந்த விளக்கத்திலும் சாத்தியமில்லை. மதம் குறிப்பிடாதோர் என்று தமிழ்நாட்டில் தனியாகப் பதிவான 1,88,586 பேரை நாத்திகர் கணக்கில் கூட்டிக்கொள்ளும் எதிர்முகாமின் ஆசையும், மதக் கட்டம் நம்பிக்கையை அளப்பதில்லை என்ற இதே காரணத்தால் பலிக்காது.

நேரடியாகவே கேட்டால்? பியூ ஆய்வு மையம் 2019 நவம்பரிலிருந்து 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டது. 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். பிறவித் தேவைக் கட்சி இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: இந்தியப் பௌத்தர்களில் மூன்றில் ஒருவர் கடவுளை நம்பவில்லை என்றார். இந்தியப் பௌத்தர்களில் மிகப் பெரும்பாலோர் 1956-ல் நாக்பூரில் அம்பேத்கர் தொடங்கிவைத்த மதமாற்றத்தின் வழிவந்தவர்கள். பிறவியிலேயே ஊறிய தேவை என்று சொல்லப்படுவது மூன்று தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் மூன்றில் ஒரு பங்கினரிடம் இல்லாமல் போயிருக்கிறது. அவர்களோ கணக்கெடுப்பில் 5 என்ற குறியீட்டில், மதமுள்ளவர்களாக, அமைதியாக இருக்கிறார்கள்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, கடவுள் நம்பிக்கை போனாலும் சடங்கு போகவில்லையே என்பது. சுக்கிலநத்தத்தின் வழிவந்த திருமணங்களிலும் மாலை உண்டு, தலைமை தாங்கும் பெரியவர் உண்டு, பலவற்றில் தாலியும் உண்டு. உண்மைதான். ஆனால் தேவை கூடிநிற்பதற்கும் சாட்சி வைப்பதற்கும் என்றால், மதநம்பிக்கை பிறவித் தேவை என்ற முதல் கூற்று அங்கேயே கைவிடப்பட்டுவிட்டது.

நம்பிக்கையையும் சடங்கையும் பிரித்துப் பார்க்கப் பிளவக்கல் நல்ல இடம். வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என இரட்டை அணைகள். முழு நீர்மட்டம் ஒன்றுக்கு 47 அடிச் சொச்சம், மற்றதற்கு 42 அடிச் சொச்சம். வைப்பாற்றுப் படுகையின் தலைப்பகுதி இது. கீழே கண்மாய்களை நம்பிய வயல்கள். பாசனத்துக்கு மதகைத் திறக்கும் நாளில் தண்ணீரில் மலர் தூவுவது தமிழக அணைகள் பலவற்றிலும் உள்ள வழக்கம். எந்தக் கட்சி ஆண்டாலும் பூ விழும். தூவும் கைகளில் ஆத்திகர் கை எது, அரசு முறைக்குத் தூவும் கை எது என்று அணை கேட்பதில்லை, கணக்கெடுப்புக் கட்டமும் கேட்பதில்லை.

அதே மலைத்தொடரில், தாணிப்பாறையிலிருந்து ஏறிப் போகும் சதுரகிரி கோவில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கூடும் கூட்டம் அறிந்ததே. 2015 மே மாதம் ஓடையில் வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகும் கூட்டம் வருகிறது. இது தேவையின் ஆழத்தைக் காட்டுகிறது என்பார்கள். எந்தத் தேவையின்? ஏறுபவர் நேர்ந்துகொள்வது பிள்ளை வரம், தீராத நோய், கழுத்தை நெரிக்கும் கடன். சித்தர்களைத் தேடித்தான் பலர் போகிறார்கள். அந்தச் சித்தர் மரபிலேயே கல்லைக் கடவுளாக்குவதை எள்ளி நகையாடிய சிவவாக்கியர் இருக்கிறார் என்பது யாரையும் உறுத்துவதில்லை. கோட்பாடு ஒத்துப்போக வேண்டும் என்ற கவலை இந்தப் பாதையில் இல்லை. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டதும் இதற்கு நெருக்கமானது: ஆபத்தில்லாத காயலில் மீன்பிடிக்க மந்திரச் சடங்கு இல்லை, ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவான சடங்கு. பிறப்பில் வருவதென்றால் காயலுக்கும் கடலுக்கும் வேறுபாடு எதற்கு?

குழந்தை உளவியல் சான்றுகளைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். கூர்மையான பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று உளவியலாளர் டெபோரா கெலமன் கேட்டபோது, விலங்குகள் அரிப்பெடுத்தால் உரசிக்கொள்வதற்காக என்ற விளக்கத்தைக் குழந்தைகள் விரும்பித் தேர்ந்தார்கள். ஜஸ்டின் பாரெட் போன்றவர்கள் இதிலிருந்து பிறவி நம்பிக்கையாளர் என்ற முடிவுக்குப் போகிறார்கள். எல்லாவற்றிலும் நோக்கம் தேடும் சாய்வு பிறவியில் இருக்கலாம். இனிப்பின் மேல் நாட்டமும் பிறவியில் இருக்கிறது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பிறவித் தேவை ஆகிவிடாது. பால்கோவாவுக்கு மாடு வேண்டும், அடுப்பு வேண்டும், செய்யத் தெரிந்த கை வேண்டும். கடவுளுக்கும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றுதான் உளவியலாளர்கள் பானர்ஜியும் ப்ளூமும் 2013-ல் வாதிட்டார்கள்.

டென்மார்க்கும் சுவீடனும் பிறவித் தேவை வாதத்துக்கு வெகுகாலமாகத் தொல்லை. மதத்தை எந்த அரசும் அங்கே ஒடுக்கவில்லை. நம்பிக்கை தானாகவே இளைத்தது. வாழ்க்கைப் பாதுகாப்பு கூடும்போது மதப்பற்று குறைகிறது என்று அரசியல் அறிஞர்கள் நாரிஸும் இங்கிள்ஹார்ட்டும் 2004-ல் பல நாட்டுத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். அங்கே கால்பந்தும் தேசியமும்தான் மதமாகிவிட்டன என்ற பதிலுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. எதையும் மதம் என்று அழைக்க அனுமதித்துவிட்டால் பொய்ப்பிக்க எதுவும் மிஞ்சாது.

தமிழ்நாட்டு எண்ணைப் பற்றிய இந்த வாசிப்பைச் சோதிக்க வழி இருக்கிறது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பில் எல்லாருடைய சாதியும் கேட்கப்படவிருக்கிறது. மதக் கட்டத்துக்கும் சாதிக் கட்டத்துக்கும் இடையிலான முடிச்சு இறுகினால், நம்பிக்கையில் மாற்றமே இல்லாமல் 1,297 இன்னும் சுருங்க வேண்டும். சாதியைச் சொல்லிவிட்டு மதத்தை மறுக்க இடம் கிடைத்தால் அது பல மடங்காக வேண்டும். இரண்டுமே நிகழாமல் எண் இருந்த இடத்திலேயே இருந்து, மேகாலயாவின் 9,089-ம் தமிழ்நாட்டு அளவுக்கு இறங்கி வந்தால், இங்கே சொன்னது தவறு. பிறவித் தேவைக் கட்சியின் வாதத்தை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.