ஔவை: பெயரும் பெயருக்குரியாரும்

தமிழ்க் குழந்தைகள் எழுத்தறியும் பருவத்திலேயே அறிந்துகொள்ளும் பெண்பாற் பெயர் ஔவை. அப்பெயரைச் சொன்ன அளவில் நரைத்த தலையும் ஊன்றிய கோலும் உடைய மூதாட்டி ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். இவ்வுருவம் எங்ஙனம் அமைந்தது? பெயரின் பொருளை ஆராயின் விடை புலப்படும்.

'அவ்வை' என்பதன் மற்றொரு வரிவடிவமே 'ஔவை'. அகரத்தின் முன் வகர மெய் வரின் ஔகாரம் போன்று ஒலிக்கும் என்பது நன்னூலார் காட்டும் போலி விதி. இச்சொல்லுக்குத் தாய், மூதாட்டி, தவப்பெண் எனப் பொருள் உண்டு. கன்னடத்தில் 'அவ்வ' என்பது தாயையும், தெலுங்கில் பாட்டியையும் குறித்தல் காண்க. மூத்தவளைக் குறிக்கும் 'தவ்வை' என்னும் திருக்குறட் சொல்லைத் 'தம் அவ்வை' எனப் பகுத்துக் காண்பாரும் உளர். எனவே ஔவை என்பது முறைப்பெயராய்ப் பிறந்து, மதிப்புப் பெயராய் வளர்ந்த சொல் எனலாம். 'ஆர்' விகுதி அம்மதிப்பை மேலும் கூட்டிற்று.

சங்கத் தொகைகளில் ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் புறநானூற்றில் மட்டும் 33. அதன் 89ஆம் பாடலைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மாற்றரசன் ஒருவன், நும் நாட்டில் பொருவாரும் உளரோ எனத் தம்மை வினவியதாக அதில் புலவர் பாடுகிறார். அவ்வரசன் அவரை விளிப்பது அணிகலன் பூண்ட, மை தீட்டிய கண்களையுடைய, ஒளிபொருந்திய நெற்றியினளாகிய விறலி என்றே. மூதாட்டி அங்கு இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, படைக்கலக் கொட்டிலின் பொலிவைப் புகழ்வதுபோல் பழித்த துணிவும் (புறம் 95), அவ்வள்ளல் மறைந்தபோது கையற்றுப் பாடிய துயரமும் (புறம் 235) அப்பெண்மணிக்கு உரியவை.

பின்னர், பல நூற்றாண்டுகள் கழித்து, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அதே பெயரால் வழங்கின. பெயர் ஒன்றாகவே ஆள் ஒருவர் ஆயினார். இளமையை வெறுத்து விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெற்றார் என்னும் கதை அவ்விடைவெளியை நிரப்பிற்று. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படம் அக்கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஔவையாக நடித்துப் புகழ்பெற்ற ஆடவராகிய டி. கே. சண்முகம் 'ஔவை' என்னும் அடைமொழியையே பெற்றார். அறம் உரைக்கும் பெண்ணுக்கு இளமை பொருந்தாது என்னும் எண்ணம் இக்கதையின் அடியில் இல்லையா? கபிலருக்கும் பரணருக்கும் இத்தகைய நிபந்தனையை எவரும் விதித்திலர்.

அகநானூற்று 147ஆம் பாடலில், பிரிந்த கணவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியைப் பெயர் சுட்டி நினைக்கிறார் ஔவையார். ஒரு பெண்பாற் புலவர் மற்றொரு பெண்பாற் புலவரைத் தம் பாட்டில் பெயரிட்டு நிறுத்திய அருமை அது. அவர் செய்த அக்கடமையை அவருக்கு நாம் செய்தோமா? பெயரின் பொருள் பெயருக்குரியாரை மறைத்தல் ஆகாது. கவிஞர் கூடும் இவ்வவையினர் அந்த 59 பாடல்களையும் கதையின் துணையின்றி ஒருமுறை பயில்வாராயின், கோலூன்றாத ஔவையாரை நேரிற் காண்பர்.