சுப்பாராவ், எல்லாப்பிரகடா (1895–1948)

பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த உயிர்வேதியியலாளர். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார்.

ஹார்வர்டில் சக ஆய்வாளர் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1925-இல் அவர் வகுத்த பாஸ்பரஸ் அளவீட்டு முறை ஆய்வகங்களில் அன்றாட வழக்கமானது. அதன் துணையோடு தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டார்: உழைக்கும்போது கரைந்து, ஓய்வில் மீண்டும் சேரும் செல்லின் ஆற்றல் கைச்சேமிப்பு. 1929-இல் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. சிக்கியது, அதே ஆண்டு ஜெர்மனியில் லோமான் என்ற ஆய்வாளரும் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

பின்னர் அவர் சேர்ந்த லெடர்லே ஆய்வகத்தில் நுண்ணுயிரே அளவுகோல். லாக்டோபேசிலஸ் கேசி என்ற பாக்டீரியா, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின்றிப் பெருகாது. அதன் வளர்ச்சியைப் பார்த்தே அமிலத்தைக் கணித்தனர். 1945-இல் அந்த அமிலத்தைச் செயற்கையாகவே தயாரித்தது அவர் குழு. அதன் போலி மூலக்கூறான அமினோப்டெரினை மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது.

நோபல் வரவில்லை. 1953-இல் அவர் நினைவாக ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார்கள்.