எந்த வாயில் அவர்க்குரியது?

தமிழுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், ஆண்மை திரிந்த பேடி என்னும் பெயருக்கெனத் தனியொரு விகுதி இல்லை என்றார். ஆயினும் அப்பெயரை அவர் அஃறிணைக்குத் தள்ளிவிடவில்லை. உயர்திணையுள் வைத்து, அத்திணையின் பால் விகுதிகளையே ஏற்று வழங்கச் செய்தார். அன்று சொல்லுக்கு விகுதி தேடிய சிக்கல், இன்று மனிதர்க்கு வாயில் தேடும் சிக்கலாக நம்முன் நிற்கிறது. ஆண்கள், பெண்கள் என இரண்டே கதவுகள் கொண்ட மலசலகூடத்தின் முன்னே திருநங்கை ஒருவர் எக்கதவைத் தட்டுவது?

இவ்வினா நம் கரைக்குப் புறம்பானதன்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் இக்கரையில் தாய்வழிக் குடிமரபு வேரூன்றியுள்ளது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளையே அங்கு வந்து குடியேறுகிறார். பெண்களுக்கெனப் பாதுகாப்பான ஓரிடம் வேண்டும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டே மேலே சிந்திப்போம்.

முஸ்லிம் சட்ட அறிஞர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வகை வினாவை எதிர்கொண்டனர். ஆணோ பெண்ணோ என உடற்கூற்றால் துணியமுடியாத குன்ஸா தொழுகையில் எங்கே நிற்பது? ஆண்களின் வரிசைக்கும் பெண்களின் வரிசைக்கும் இடையே என அவர்கள் விடை பகர்ந்தனர். குன்ஸாவும் திருநங்கையும் ஒருவரல்லர். முன்னவரது நிலை உடல் பற்றியது, பின்னவரது நிலை தம்மைப் பற்றிய உள்ளுணர்வு பற்றியது. எனினும், ஐயத்துக்குரியவரைப் பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளேயே இடம் வகுத்த அந்த அறிவுநெறி நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. பெண்களிடையே வந்துபோக இசைவு பெற்றிருந்த முகன்னஸ் ஒருவர், ஒரு பெண்ணின் உடலழகை ஆடவரிடம் வருணித்தபோது அவ்விசைவு நீக்கப்பட்டதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. முன்னர் இசைவு இருந்தது. அது நீங்கியதற்கு நடத்தை காரணமாயிற்று என்பது கருதற்பாலது.

குடியேற்ற ஆட்சியோ வேறு வழி சென்றது. வட இந்தியாவில் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானோர் பெண்ணுடை அணிந்து பொதுவிடத்தில் தோன்றுவதையும் தண்டித்தது. இலங்கையில் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள ஆள்மாறாட்டப் பிரிவும் பிற்காலத்தில் திருநர்மீது ஏவப்பட்டன. இடம் வகுத்த மரபை மறந்து, அந்நியன் விட்டுச்சென்ற அருவருப்பையே நம் பண்பாடு எனக் கொண்டாடுவோரை என்னென்பது!

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இவ்வினாவின் கொடுமையைத் துலக்கியது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர். மறைவான குளியலிடமும் மலசலகூடமும் இன்றி முகாம்களில் பெண்கள் பட்ட துயரை இக்கரை அறியும். அதே அலை தாக்கிய தமிழ்நாட்டுக் கரையிலோ, அரவாணிகள் எனப்பட்டோர் நிவாரணப் பட்டியலிலும் தங்குமிடத்திலும் புறக்கணிக்கப்பட்டனர் என ஆய்வாளர் பதிவுசெய்தனர். ஆண், பெண் என்னும் இரு கட்டங்களுள் அடங்காதவர்க்குப் பங்கீட்டுச் சீட்டும் எட்டாக்கனியாயிற்று.

பின்னர் சட்டம் மெல்ல அசைந்தது. தமிழ்நாட்டில் 2008இல் நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15இல் இந்திய உச்சநீதிமன்றம் திருநரை ஏற்று, அவர்களுக்குத் தனிக் கழிப்பறைகள் அமைக்கப் பணித்தது. 2017இல் இந்திய அரசின் தூய்மை இயக்க நெறிமுறையோ, விரும்பிய கழிப்பறையை அவர்கள் பயன்படுத்தலாம் என்றது. இலங்கையில் 2016 முதல் பாலினம் ஏற்கும் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. பதிவேட்டில் கதவு திறந்தது. பேருந்து நிலையத்தில் திறந்ததா?

பிரித்தானிய உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 16இல், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது உயிரியற் பாலையே குறிக்கும் எனத் தீர்த்தது. வழக்குத் தொடுத்ததும் ஒரு பெண்கள் அமைப்பே. திருநரைப் பாகுபாட்டினின்று காக்கும் பிரிவுகள் நீடிக்கும் எனவும் அத்தீர்ப்பு கூறியது. பெண்களின் அச்சத்தை வெறும் காழ்ப்பு என ஒதுக்குவது அறமாகாது; ஆடவரின் வன்முறையில் அவர்கள் கண்ட அனுபவத்தினின்று பிறந்தது அது. ஆனால் அதே வன்முறைக்குத் திருநங்கையரும் இரையாகின்றனர் அன்றோ? ஆண்கள் பகுதிக்குள் அவரைத் தள்ளுவது யாரைக் காக்கும்? அவருக்கெனத் தனிக்கதவு மட்டும் வைத்தாலோ, அதில் நுழையும் ஒவ்வொரு முறையும் அவர் ஊருக்குக் காட்டிக்கொடுக்கப்படுகிறார்.

இப்பூசலின் அடியில் இருப்பது வறுமை என்பது நம் துணிபு. உட்புறம் தாழிடக்கூடிய, தண்ணீர்க் குழாயும் வெளிச்சமும் உள்ள தனித்தனி அறைகள் போதிய அளவு இருக்குமாயின், எவர் எந்த வாயிலில் நுழைந்தார் எனக் காவல் நிற்க வேண்டிய தேவை பெரும்பாலும் அற்றுப்போகும். வைத்தியசாலை விடுதியிலும் முகாமிலும் தடுப்பும் திரையும் அதனையே செய்யும். தீங்கிழைப்பவரைத் தண்டிக்க அவரது செயலே அளவுகோலாகட்டும், பிறப்பன்று. பெண்ணையும் திருநங்கையையும் ஓர் உடைந்த கதவுக்காக மோதவிட்டு, அக்கதவைச் செப்பனிடாத ஆட்சியாளர் தப்பிச் செல்கின்றனர். நகரசபையும் பிரதேச சபையும் வரவு செலவுத் திட்டம் வகுக்கும்போது, இக்கதவுகளுக்கான பணம் எங்கே எனக் கேட்போம். உயர்திணையுள் வைத்த மொழிக்கு உரியவர்கள் நாம். அவர்களை வாயிலில் நிறுத்தி வைப்பது நமக்கு அழகன்று.