விருது வாங்கும் கையும் வீட்டு வேலை செய்யும் கையும்



குடியரசு தினம் வந்தால் பத்ம விருது யார் யாருக்குன்னு டிவியில் சொல்லுவாங்க. நாம பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே காதுல வாங்கிக்குவோம். அந்த விருதுகளில் நம்மைப் போன்ற பெண்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கிறது என்று இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் 1954-ல் தொடங்கப்பட்டன. முதல் வருடம் பாரத ரத்னா பெற்றவர்கள் ராஜாஜி, டாக்டர் ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன். மூணு பேருமே நம்ம தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவங்க. நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரு பெண் அந்த விருதை வாங்க 17 வருடம் ஆனது. 1971-ல் இந்திரா காந்தி, 1980-ல் அன்னை தெரசா, 1997-ல் அருணா ஆசப் அலி, 1998-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி, 2001-ல் லதா மங்கேஷ்கர். 2024 வரைக்கும் இந்த ஐந்து பெண்கள்தான்.

நம்மைப் போல குழுவில் இருந்து போன ஒருவர் மதுரை சின்னப்பிள்ளை அம்மா. பில்லுசேரி கிராமம். வயல் கூலி வேலை செய்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் என்ற சிறுசேமிப்பு இயக்கத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஆனால் அவருக்கு வீடு கட்டித்தர அரசு உத்தரவிட்டது 2024-லதான். விருது வேற, வாழ்க்கை வேற என்று இதிலிருந்து தெரிகிறது.

சின்னப்பிள்ளை அம்மாவுக்குக் கொடுத்தது சரியான விருது. என் கேள்வி வேற. வாசலுக்கு வெளியே செய்த வேலைக்குத்தான் விருது. வாசலுக்கு உள்ளே தண்ணி பிடிக்கிறது, சோறாக்குறது, துணி துவைக்கிறது, படுத்த மாமியாருக்குப் பார்க்கிறது, இதெல்லாம் எந்த விண்ணப்பத்திலும் எழுத இடமில்லை. விருது வாங்குற ஆண்களுக்கும் யாரோ ஒருத்தி சமைச்சுப் போட்டிருப்பாங்க தானே?

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறாள் என்று வந்தது. கிட்டத்தட்ட 5 மணி நேரம், சம்பளமில்லாமல். வீட்டு வேலை செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். அதுவும் நூறு பெண்களில் 81 பேர் செய்யும் வேலையை, நூறு ஆண்களில் 26 பேர்தான் செய்கிறார்கள்.

ஆனால் 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களை "வேலை செய்யாதோர்" கணக்கில் வைத்தார்கள். பிச்சைக்காரர்களும் கைதிகளும் இருந்த அதே பிரிவு. 2010-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே இது தவறு என்று கண்டித்தது. நம்ம மாநிலத்தில் 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் தொடங்கியபோது, பெண்களின் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் அந்த வார்த்தை பெரிசு.

அடுப்படிக்கு எல்லாம் பத்மஸ்ரீ கேட்கவில்லை. இரண்டு காரியம் நாம செய்யலாம். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் பரிந்துரைக்கலாம். நம்ம ஊர்களில் தகுதியான பெண்கள் இருந்தால் கூட்டமைப்பே தீர்மானம் போட்டு அனுப்பலாம். இன்னொன்று, அடுத்த கணக்கெடுப்புக்கு வந்து "என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டாம். காலையில் எழுந்ததில் இருந்து செய்கிற வேலையை வரிசையாச் சொல்லுங்க. நம்ம வேலையை நாமே வேலைன்னு சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவாங்க?