கேட்டலிலிருந்து படித்தலுக்கு: கிஜுபாய் பதேகாவின் குழந்தைக் கதைகளும் மொழியாக்கமும்

குழந்தைகளிடம் வாசிப்பு விருப்பத்தை வளர்ப்பது கல்வியாளர்க்குரிய பணி என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வருகிறது. அப்பணியில் மொழிபெயர்ப்பாளர்க்கும் மொழியியலார்க்கும் உள்ள பங்கு அடிக்கடி பேசப்படுவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தை தானே ஒரு நூலைத் தேடி எடுக்கும் நிலையை எய்துவதற்கு இடையில் நெடுந்தொலைவு உண்டு. பலர் அத்தொலைவைக் கடப்பதேயில்லை. அதைக் கடக்க உதவுவது குழந்தையின் செவி முன்பே பழகிய மொழி என்பதைப் பள்ளியறையில் செய்து பார்த்தவர் குஜராத்தியரான கிஜுபாய் பதேகா (1885-1939). அவருடைய முயற்சியின் வரலாறும், அவர் தொகுத்தளித்த கதைகள் பிற மொழிகளுக்குச் செல்லும்போது எழும் சிக்கல்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

கிஜுபாய்க்கு முன்னோடி எனத்தக்க ஒரு நூல் வங்கத்தில் தோன்றியது. தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த 'தாகுர்மார் ஜுலி' 1907இல், சுதேசி இயக்கம் உச்சத்திலிருந்த காலத்தில், வெளிவந்தது. 'பாட்டியின் பை' என்பது அத்தலைப்பின் பொருள். இதற்கு முன்னுரை வழங்கிய தாகூர், பாட்டியின் பையினும் சுதேசியான பொருள் வேறுண்டோ என வினவி, அதுவும் அண்மைக்காலத்தில் மான்செஸ்டர் ஆலையிலிருந்து வரத் தொடங்கிவிட்டதே என வருந்தினார். பாட்டியின் வாய்மொழி அச்சேறும்போது அதன் சுவை குன்றிவிடுமோ என்னும் அச்சமும் அவருக்கு இருந்தது. எழுத்து நடைக்குரிய வினைவடிவங்களையும் பேச்சுக்குரிய சொல்லாட்சிகளையும் கலந்து எழுதியதன் வாயிலாக மஜும்தார் அந்த அச்சத்திற்கு ஒருவாறு விடை கண்டார். அவருடைய நோக்கம் தொகுப்பதே. பள்ளிக்கூடம் அவர் கருத்தில் இடம்பெறவில்லை.

கிஜுபாய் பள்ளிக்கு வந்த வழி வேறு. சௌராட்டிரப் பகுதியில் பிறந்த அவர் 1907இல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று மீண்டு, சட்டம் பயின்று வழக்குரைஞரானார். 1913இல் மகன் பிறந்த பின்னரே குழந்தைக் கல்வி குறித்த நூல்களை நாடினார். மாண்டிசோரி அம்மையாரின் கருத்துகள் அவரை ஆட்கொண்டன. 1916இல் நானாபாய் பட் பாவ்நகரில் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே பால மந்திர் என்னும் குழந்தைகள் பள்ளி தொடங்கப்பெற்றது. 'மீசையுள்ள தாய்' என்னும் பட்டப்பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. வழக்குமன்றத்தைத் துறந்து வந்தவர்க்குக் கிடைத்த பட்டங்களுள் இதனினும் சிறந்தது இருத்தல் அரிது.

அவருடைய 'திவாஸ்வப்னா' (பகற்கனவு) புனைகதை வடிவில் அமைந்த கல்வி நூல். இலட்சுமிராம் என்னும் ஆசிரியர் நான்காம் வகுப்பொன்றை ஓராண்டுச் சோதனைக்காகக் கேட்டுப் பெறுகிறார். மாண்டிசோரி முறையைச் சார்ந்த அமைதி விளையாட்டோடு முதல் நாளைத் தொடங்குகிறார். மாணவர்களின் கூச்சலில் அது சிதறிப்போகிறது. மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்க, வகுப்பு தானே அடங்குகிறது. சோதனை நாட்கணக்கில் கதையாகவே நகர்கிறது. பாடம் எப்போது தொடங்கும் என்று பிறர் கேட்கின்றனர், ஏளனமும் செய்கின்றனர். பின்னர் அவர், ஒவ்வொருவரும் ஒரே பாடநூலை வாங்குவதற்கு மாற்றாக, அப்பணத்தைத் திரட்டி வெவ்வேறு நூல்களை வாங்கி வகுப்பு நூலகமாக வைக்கலாம் என்கிறார். ஒரே நூலின் பல படிகள் ஒரு வகுப்பில் கிடப்பதும், பல நூல்களின் ஒவ்வொரு படி கிடப்பதும் செலவில் ஒன்றே. பயனில் உள்ள வேறுபாட்டை எந்தக் கணக்கரும் காட்டியதில்லை. பாடநூல் வழங்குதலையே நூல் வழங்குதலாகக் கொள்ளும் வழக்கம் இந்தியப் பள்ளிகளில் இன்றும் வலுவாக உள்ளமையால், நூலின் இப்பகுதி பழமையடையவில்லை.

கிஜுபாய் தம் ஆசானிடமிருந்து விலகிய இடம் இதுவே. சிறு குழந்தைகட்குக் கற்பனைக் கதைகள் ஏற்றவையல்ல என்பது மாண்டிசோரியின் கொள்கை. கருவிகளையும் புலன் பயிற்சியையும் அவரிடமிருந்து ஏற்ற கிஜுபாய், கதையைக் கைவிட உடன்படவில்லை. கதை சொல்லும் கலைபற்றித் தனி நூலே எழுதினார். மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். கிஜுபாய் அதே ஆண்டு ஜூன் திங்களில் மறைந்துவிட்டார்.

இனி, மொழிக்கூறுகளைக் காணலாம். குஜராத்தி நாட்டுக்கதை 'ஏக் ஹதோ ராஜா' எனத் தொடங்கும். குஜராத்தியின் இயல்பான தொடரில் வினை இறுதியில் நிற்கும். இங்கோ 'ஹதோ' (இருந்தான்) என்பது எழுவாய்ப் பெயரைத் தாண்டி முன்னே வந்துவிடுகிறது. இந்தியின் 'ஏக் தா ராஜா', மராத்தியின் 'ஏக் ஹோதா ராஜா' ஆகியவற்றிலும் இம்மாற்றம் உண்டு. இப்பிறழ்ச்சியே கதை தொடங்கிவிட்டது என்பதைக் குழந்தைக்கு அறிவிக்கும் மணி. திராவிட மொழிகள் இப்பணியைச் சொல்வரிசையால் செய்வதில்லை. தெலுங்கில் 'அனகனகா' என்னும் 'சொல்லுதல்' பொருளுடைய வேரிலிருந்து பிறந்த தொடக்கம் உண்டு. கன்னடத்தில் வினையோடு 'அந்தெ' சேர்கிறது. தமிழில் கேள்விப்பட்டதை உணர்த்தும் '-ஆம்' வருகிறது: 'ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம்.' கதையைச் சொல்பவர் அதைக் கண்டவரல்லர், கேட்டவர் என்பதை இந்த இடைச்சொல் ஒவ்வொரு தொடரிலும் நினைவூட்டிக்கொண்டே செல்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஓர் அரசன் இருந்தான்' என்றெழுதினால் பொருள் சிதைவதில்லை, இலக்கணமும் சரியே. கதையின் குரல் மட்டும் போய்விடும். பேச்சுக்கும் எழுத்துக்குமான இடைவெளி மிகுந்த தமிழில் இவ்விழப்பு பிற மொழிகளில் உள்ளதைவிடப் பெரிது. வீட்டில் 'வந்தாங்க' என்று கேட்டு வளரும் குழந்தை, நூலில் 'வந்தனர்' என்பதைக் காண்கிறது. எழுத்து வழக்கு கற்கப்பட வேண்டியதே. ஆயினும் முதல் நூலில் அனைத்து வாயில்களும் ஒருங்கே அடைக்கப்படின் குழந்தை எதன் வழியே நுழையும்? 'இருந்தாராம்' என்பது எழுத்து வழக்கிற்கும் உடன்பாடானது, செவிக்கும் பழகியது. முதற்படிக்கு இதுபோன்ற வடிவங்களே ஏற்றவை.

திரும்ப வரும் தொடர்கள் மற்றொரு சிக்கல். கிஜுபாயின் கதைகளுள் பெரிதும் அறியப்பட்ட 'ஆனந்தி காக்டோ' (மகிழ்ச்சியான காகம்) கதையில், அரசன் காகத்தைச் சேற்றில் எறிகிறான். அது சறுக்கப் பழகுவதாகப் பாடுகிறது. கிணற்றில் எறிந்தால் நீந்தப் பழகுவதாகவும், முள்ளில் எறிந்தால் காது குத்திக்கொள்வதாகவும் பாடுகிறது. முடிவில் அரசன் சலித்து அதை விட்டுவிடுகிறான். பாட்டின் சட்டகம் மாறுவதில்லை; சிற்சில சொற்களே மாறுகின்றன. எழுத்தறியாக் குழந்தையும் இரண்டாம் முறையிலேயே அடுத்து வருவதைக் கூறிவிடும். அதன் விரல் அச்செழுத்தின்மீது ஓடும்போது, தான் முன்பே அறிந்ததைக் கண் காண்கிறது. படித்தல் என்னும் செயல் இங்கே தொடங்குகிறது. கூறியது கூறல் குற்றம் எனக் கருதும் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் வேறு சொற்களை இட்டு நடையை அழகுபடுத்துவாராயின், அவ்வழகின் விலையைக் குழந்தை கொடுக்க நேரும். காது குத்தல் தமிழர்க்கும் உரிய சடங்காதலால் அவ்விடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர்க்கு உழைப்பு மிச்சம்.

1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், தன் நேரு பால புஸ்தகாலயா வரிசையின் வழியே ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் தரும் முறையை வளர்த்தது. விலை குறைந்தது, பரப்பு கூடியது. ஆயினும் ஒரு கதை ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு தமிழுக்கு வரின், குஜராத்தியின் சொல்வரிசையும் தமிழின் '-ஆம்' என்பதும் ஒருங்கே தவறிப்போக வாய்ப்புண்டு. இடைமொழி இந்தியாயின் முன்னது தங்கும். மொழிபெயர்ப்பாளர் அதனை உணர்ந்தால் பின்னதும் வந்து சேரும். ஊரகப் பள்ளி வயதினரிடையே நடத்தப்பெறும் ஏசர் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்ல ஐந்தாம் வகுப்பு மாணவர் இந்திய அளவில் 2018இல் 50.5 விழுக்காட்டினர், பெருந்தொற்றுக் காலப் பள்ளியடைப்பிற்குப் பின் 2022இல் 42.8 விழுக்காட்டினர். ஏனையோர் கையில் வைக்கப்படும் நூலின் முதல் தொடர் எவ்வாறு அமைகிறது என்பது சிறிய வினா அன்று.

கிஜுபாயுடன் பாவ்நகரில் பணியாற்றிய தாராபாய் மோடக் (1892-1973) பின்னர் இதனினும் கடினமான நிலையை எதிர்கொண்டார். 1945இல் போர்டியிலும், அதன் பின் கோஸ்பாடிலும் அனுதாய் வாக் என்பாருடன் அவர் நடத்திய பள்ளிகட்கு வந்தவர்களுள் வார்லிப் பழங்குடிக் குழந்தைகள் மிகுதி. அவர்களின் வீட்டுமொழி வார்லி. அச்சிட்ட நூல்களோ மராத்தியில் இருந்தன. குழந்தைகள் பள்ளிக்கு வாராதபோது, பள்ளி அவர்தம் வீட்டு முற்றத்திற்குச் சென்றது. முற்றம் மராத்தியில் 'அங்கண்' எனப்படும். அங்கே கூழாங்கல், இலை, விதை ஆகியன கருவிகளாயின. எழுத்து பின்னரே வந்தது.