கோணம் தொலைவாகாது: 1818-ஆம் ஆண்டின் ஒரு தலைப்பும் விருதுபட்டியைக் கடந்த முக்கோணங்களும்

1818-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கும்பினியின் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே மூன்று அளவுகள் இடம்பெற்றுள்ளன. தென்முனையின் வட அட்சம் 8° 9′ 38.4″, வடமுனையின் அட்சம் 18° 3′ 23.6″, இரண்டுக்கும் இடைப்பட்ட வீச்சு 9° 53′ 45.2″. குமரிமுனையை அடுத்த ஒரு நிலையத்திலிருந்து பீதர் வட்டாரம் வரை, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி முக்கோணம் முக்கோணமாக அளந்து சென்றதன் விளைவு அது. இன்றைய சிவகாசியும், அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன.

இத்தலைப்பைக் கடந்த ஒரு தலைமுறை ஆய்வு ஒரே விதமாக வாசித்து வந்திருக்கிறது. கும்பினி அரசு நிலத்தின்மேல் அட்ச, தீர்க்கக் கட்டங்களை விரித்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவு அந்தக் கட்டத்திலிருந்தே கணக்கிடப்பட்டது. காதம், நாழிகைவழி, கூப்பிடுதூரம் ஆகிய பழைய தொலைவளவுகள் அதனால் மதிப்பிழந்தன. இதுவே அந்த வாசிப்பு. முடிவின் கடைசிப் பகுதியோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. தொலைவு கட்டத்திலிருந்து வந்தது என்ற நடுப்பகுதிதான் தவறு என்று கருதுகிறேன். அந்தத் தவறு 9° 53′ 45.2″ என்ற எண்ணைத் தொலைவாக எடுத்துக்கொண்டதால் வந்தது.

அந்த எண் ஒரு கோணம். இரண்டு இடங்களில் தூக்குக்குண்டு தொங்கும் திசைகளுக்கு இடையிலுள்ள கோணம். உச்சிக்கு அருகே கடந்து செல்லும் விண்மீன்களை ஜெனித் செக்டாரால் நோக்கி, ஒவ்வொரு முனையிலும் அட்சம் கண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அது கிடைக்கும். தொலைவு வந்த வழி முற்றிலும் வேறு. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்ததில் தொடங்கி, 1809-இல் பாளையங்கோட்டைப் பக்கம் அளந்த அடிக்கோடு வரை, தரையில் கிடத்திய இரும்புதான் தொலைவைத் தந்தது. தியோடலைட் அந்த நீளத்தை முக்கோணங்களின் வழியே எடுத்துச் சென்றது. மலை இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே நிலையங்கள் ஆயின. 1808-இல் தஞ்சையில் மேலேற்றும்போது கருவி மோதிச் சேதமடைந்தது துறையினர் அறிந்ததே. அத்தனை பாடும் தொலைவுக்காகப் பட்டது. அட்சம் மட்டும் போதுமென்றால் இரு முனைகளிலும் விண்மீன் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம்.

கடலோடிக்கு இந்த வரிசை தலைகீழ். அவன் சங்கிலி போட முடியாது. தன் அட்சமும் தீர்க்கமும் தெரிந்தபின், ஒரு பாகைக்கு 60 கடல்மைல் என்ற கணக்கில் தொலைவைப் பெறுகிறான். பூமி உருண்டை என்றால் அந்தக் கணக்கில் குறையில்லை. லாம்ப்டன் அளந்த வீச்சை அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்க்கலாம். அந்த வீச்சு, அதாவது 593.75 கலைக்கு, ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் வீதம், 1,099.6 கிலோமீட்டர் வருகிறது. துருவம் தட்டையான இன்றைய பூமி வடிவத்தில் அதே அட்சங்களுக்கு இடையே கணக்கிட்டால் 1,094.8. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேறுபாடு. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு பாகை அட்சம் குறுகியது; அதன் நீளத்தைக் காண்பது இந்த வில்லை அளந்ததன் நோக்கங்களில் ஒன்று. கோணத்தைக்கொண்டே தொலைவைச் சொல்லியிருந்தால் இந்தக் குறுக்கம் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. தொலைவைத் தனியாக, கோணத்தைத் தனியாக அளந்து இரண்டையும் எதிரெதிர் நிறுத்தியதால்தான் பட்டது.

அட்சத்தை விகலையின் பத்தில் ஒரு பங்கு வரை அச்சிட்டிருப்பதைக் கட்டத்தின் மீது வைத்த நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. 0.1 விகலை என்பது தரையில் 3 மீட்டர். கருவி அவ்வளவு நுட்பமாக வாசித்திருக்கலாம். ஆனால் தூக்குக்குண்டு அவ்வளவு நேர்மையானதல்ல. பக்கத்து மலையும் தரைக்கடியிலுள்ள பாறையின் அடர்த்தியும் அதை இழுக்கும். பிற்காலத்தில் வடக்கே கலியாணா, கலியான்பூர் என்ற அளவை நிலையங்களுக்கு இடையே விண்மீன் வழி அட்ச வேறுபாடும் முக்கோண வழி அட்ச வேறுபாடும் 5.236 விகலை அளவுக்கு ஒத்துப்போகவில்லை. 1855-இல் கணிதவியலாளர் பிராட் அதை எடுத்து ஆராய்ந்தார். தரையில் அது 160 மீட்டர். அந்த முரணில் ஐயத்துக்கு உள்ளானது சங்கிலி மட்டுமல்ல, தூக்குக்குண்டும்தான். தென்முனையில், ஒருபுறம் மேற்குத்தொடர்ச்சி மலையும் மறுபுறம் ஆழ்கடலும் இருக்க, குண்டு எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை லாம்ப்டனின் கட்டுரையை மட்டும் வைத்துச் சொல்ல முற்படுவது துணிச்சலாகும். ஆனால் சாய்ந்திருந்தாலும் முக்கோணத் தொலைவு அதனால் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஊர்கள் அட்ச, தீர்க்கத்தில்தானே பதிவாயின என்று கேட்கலாம். பதிவு வேறு, அளவு வேறு. இதற்குமேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

வலுவான மறுப்பு தீர்க்கத்திலிருந்து வருகிறது. நில அளவைத் தாள்களின் தீர்க்கங்கள் எல்லாம் சென்னை வானாய்வகத்தைப் பற்றித் தொங்கியவை. அதன் தீர்க்கம் 80° 17′ 21″ எனக் கொள்ளப்பட்டிருந்தது. தந்தி வழியாகக் கடிகாரங்களை ஒப்பிட்டபோது அது ஏறத்தாழ இரண்டரைக் கலை கூடுதல் என்று தெரிந்தது. இந்த அட்சத்தில் அது நாலரைக் கிலோமீட்டர். ஆகவே பழைய தாள்களின் தொலைவுகளை நம்ப முடியாது என்ற முடிவு பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

உண்மையில் இந்தத் திருத்தம் என் வாதத்தின் பக்கமே நிற்கிறது. சென்னை நகர்ந்தபோது சிவகாசியும் விருதுபட்டியும் கூடவே நகர்ந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் நீளவுமில்லை, குறுகவுமில்லை. நாலரைக் கிலோமீட்டர் பிழை உறைத்திருக்கக்கூடியது ஒருவருக்குத்தான்: தன் குரோனோமீட்டரில் கிரீன்விச் நேரத்தைச் சுமந்து வந்து, தூத்துக்குடியின் தீர்க்கத்தைத் தாளில் பார்த்து, மீதித் தொலைவைக் கணக்கிட்ட மாலுமிக்கு. இரண்டரைக் கலை என்பது நேரத்தில் 10 வினாடி. முக்கோணங்கள் கடலிலிருந்து கடல்வரை போனபோது சென்னை அட்சத்தில் தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்களைவிட 40 மைல் குறைந்து 360 மைல் ஆனதும் இதே காரணத்தால்தான்: அகலத்தைத் தீர்க்கத்திலிருந்து ஊகிக்காமல் அளந்தார்கள்.

சிவகாசியிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிவகாசி 9° 27′, 77° 48′. விருதுநகர் 9° 35′, 77° 57′. தட்டையான வடிவத்தில் நேர்த்தொலைவு 22.11 கிலோமீட்டர், உருண்டைக் கணக்கில் 22.15. வேறுபாடு 40 மீட்டருக்குள். காரணம், உருண்டை தெற்கு-வடக்கைச் சற்றுக் கூட்டியும் கிழக்கு-மேற்கைச் சற்றுக் குறைத்தும் காட்டுகிறது; இந்த இரண்டு ஊர்களும் குறுக்குச் சாய்வில் இருப்பதால் ஒன்று மற்றொன்றை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் விருதுநகருக்கு 9° 34′, 77° 58′ என்ற இன்னொரு மதிப்பும் வழங்குகிறது. அதை எடுத்தால் 22.39 கிலோமீட்டர். சூத்திரத்தை மாற்றியதில் 40 மீட்டரும் அசையவில்லை; ஊரின் எந்தத் தெருவை ஊர் என்று கொள்வது என்ற கேள்வியிலோ ஏறக்குறைய 300 மீட்டர் போய்விட்டது. தொலைவுக் கணக்கைப் பற்றிய நம் சர்ச்சைகள் பெரும்பாலும் சூத்திரத்தைச் சுற்றியே நிகழ்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

வெடியும் வெளிச்சமும் தொழிலான மண்ணில் இதை எழுதுவதால் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. 1714-இல் விஸ்டனும் டிட்டனும் கடலில் தீர்க்கம் காண ஒரு வழி சொன்னார்கள்: தெரிந்த இடங்களில் கப்பல்களை நிறுத்தி, குறித்த நேரத்தில் வானில் வெடிக்கும் குண்டுகளைச் சுடுவது, வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து மாலுமி தொலைவை அறிவது. நடைமுறைக்கு ஒத்துவராத திட்டம்தான். எனினும் 1825-இல் கிரீன்விச்சுக்கும் பாரிசுக்கும் இடையிலான தீர்க்க வேறுபாட்டை வாண விளக்குகளைக் கொண்டே அளந்தார்கள். விஸ்டன், டிட்டன் யோசனையில் தொலைவு கோணத்திலிருந்து பிறக்கவில்லை. ஓசை நடந்து வந்த வழியே தொலைவு ஆனது. நம் கூப்பிடுதூரமும் அந்த இனம்தான். சிவகாசி வானில் வெடிக்கும் ஒன்றின் ஓசை விருதுநகரை எட்டுமானால், வெளிச்சம் தெரிந்து ஒரு நிமிடம் கடந்த பிறகே எட்டும்.

சென்னையின் பழைய தீர்க்கத்தைக் கொண்ட தாளில் சிவகாசியைத் தேடுபவர் அதன் தீர்க்கத்தை இரண்டரைக் கலை மேற்கே தள்ளிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து விருதுபட்டிக்கு அந்தத் தாளில் அளவுகோல் வைத்துக் காணும் தொலைவில் கைவைக்க வேண்டியதில்லை.